அளக்காமல் ஒரு சிலிண்டரும் வெளியே போகாது

1

எங்கள் எழுவைதீவுக் கோயில் திருநாள் முடிந்த அடுத்த நாள்தான் என் கணவருக்கு இரண்டு காலும் போனது. இந்த வருடத்தோடு இருபது வருடமாகிறது. இங்கே நோர்வேயில் அந்த நாளை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. காலையில் ஒரு செபமாலை, மத்தியானம் மரக்கறிச் சோறு, அவ்வளவுதான். இந்த முறை அதே நாளில் நான் வேலைசெய்யும் கடையில் ஒரு பிரச்சினை வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதித் தா என்று முதலாளி சொன்னார். அந்தக் கடிதத்தை எழுத மாட்டேன் என்று சொன்ன கையால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இன்றைக்கும் கடலட்டை பிடிக்க சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களின் வீட்டில் ஒருவர் வாசித்தாலே எனக்குக் காணும்.

2

நாங்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை விசாரணை அதிகாரிகளிடம் பல தரம் சொல்லிக் களைத்துவிட்டேன், திரும்பவும் சொல்ல வேண்டாம். வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஐஸில் கை வைத்து வைத்து விரல் மூட்டுகள் பழுதாகிப் போயின. பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் இறங்குகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையைக் கூட்டித் துடைக்கப் போனேன்.

ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னறையில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற கொம்பிறசர் ஓடுகிற வாசம் மூக்கில் அடித்தது. எண்ணெய் எரிகிற வாசம். முதலாளி ஆர்னேயிடம் போய், மெஷின் சரியில்லை, நிப்பாட்டுங்கள் என்று கையால் காட்டினேன். திறந்து பார்த்தார்கள், உள்ளே ஒரு வளையம் தேய்ந்து எண்ணெய் காற்றோடு கலந்துகொண்டிருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அந்த மெஷினோடுதான் என் கலியாணத்தின் முதல் நாலு வருடமும் போனது என்று சொல்ல அப்போது எனக்குப் பாஷை போதவில்லை. சிரித்தேன். அடுத்த வருடம் படிப்பித்து, சோதனை எழுத வைத்து, நிரப்பும் அறைச் சாவியை என் கையில் தந்தார்.

என்ன நிரப்புகிறேன் என்று சொல்ல வேண்டும். இங்கே கடலடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்ப்பதற்காக ஐம்பது, அறுபது மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறார்கள். காசு வராத வேலை, ஆசைக்காகச் செய்வது. அவ்வளவு ஆழத்தில் கிடந்தவர் நேரே மேலே வரக் கூடாது. உடம்புக்குள் கரைந்த வாயு, சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைத்துவிடும். ஆளை முடக்குவது அந்த நுரைதான். அதனால் இடையில் நின்று நின்று, உடம்பில் இருப்பதை மெல்ல வெளியே விட்டு வர வேண்டும். அப்படி நிற்கும்போது மூச்சுக்கு வேறு வாயு எடுத்தால் உடம்பு சீக்கிரம் தேறும். அதற்குத்தான் விலாவில் தொங்கவிடும் சின்னச் சிலிண்டர்கள். பாதி ஒட்சிசன் உள்ள சிலிண்டரை இருபத்தொரு மீற்றருக்கு வந்த பிறகு திறக்கலாம். முழு ஒட்சிசனை ஆறு மீற்றரில்தான் திறக்கலாம். மாறித் திறந்தால், ஆழத்தில் முழு ஒட்சிசனை இழுத்தால், வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர் வாயில் கடித்திருப்பதை விட்டுவிடுவார். அதோடு சரி.

எடுக்க வருகிறவர்களுக்கு அலுமினியச் சிலிண்டரைத்தான் காட்டுவேன். இரும்பு ஒரு பக்கமாக ஆளை இழுக்கும். அலுமினியம் தண்ணீருக்குள் பாரம் தெரியாமல் கூடவே வரும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்பாய், உன் மூச்சு நிமிடத்துக்கு எவ்வளவு இழுக்கும் என்று கேட்டு, பெருக்கி, பக்கத்தில் வருகிறவருக்குக் காற்றுக் குறைந்தால் கொடுக்கவும் இருக்க வேண்டும் என்று கூட்டி, ஏழு லீற்றரா பதினொன்றா என்று சொல்வேன். கணக்கில் கோட்டை விட்டவள் இந்தக் கணக்கை நித்திரையிலும் செய்வேன். பாதி ஒட்சிசன் சிலிண்டரை இருநூறு பார் அழுத்தத்துக்கு நிரப்ப வேண்டுமென்றால் முதலில் எழுபத்துமூன்றுக்கு ஒட்சிசன், மிச்சம் வடிகட்டின காற்று.

ஒட்சிசனுக்கு எண்ணெய் ஆகாது. ஒரு சொட்டுப் பட்டாலே தீப்பிடிக்கலாம். அதனால் வேலை நாட்களில் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சனி பின்னேரம்தான். வால்வைத் திறக்க முன் சிலுவை அடையாளம் போடுவேன். பிறகு மிக மெதுவாகத் திறப்பேன். இரண்டில் ஒன்றைக்கூட விட்டதில்லை.

தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது றோசலின் அக்கா ஒருநாள் கேட்டார்:

"பிள்ளை, உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையே? புருஷனைக் கடல் முடக்கினது காணாதெண்டு நீ போய் அந்தச் சிலிண்டரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

"அக்கா, உங்கட கை அடுப்பில சுட்ட நாளில இருந்து நீங்கள் சமைக்கிறேல்லையோ?"

"உன்னோட கதைக்க ஏலாது," என்று போய்விட்டார். ஏலாதுதான்.

3

அந்த வெள்ளிக்கிழமை கதைக்கு வருகிறேன். எங்கள் கடைக்கு ஒரு பயிற்சிக்காரர் வருவார். ஆழத்தில் இறங்கப் பழக்குகிறவர், முப்பது வருட அனுபவம், மாதத்துக்கு நாலு பேரையாவது எங்கள் கடைக்குக் கூட்டி வந்து சாமான் வாங்க வைப்பவர். ஆர்னே அவருக்குக் கோப்பி தன் கையால் ஊற்றிக் கொடுப்பார்.

மூன்று மாணவர்களோடு வந்திருந்தார். ஆளுக்கு இரண்டாக எட்டுச் சிலிண்டர். நாலில் பாதி ஒட்சிசன், நாலில் முழு ஒட்சிசன். முதல் நாளே நிரப்பி, ஆற விட்டு, நான் அளந்து வைத்திருந்தேன். ஆனால் கடையின் சட்டம் என்னவென்றால், மூச்சு எடுக்கப் போகிறவர் தானும் ஒரு முறை அளக்க வேண்டும். அளந்து, எத்தனை வீதம், எந்த ஆழம் வரை என்று ஒட்டுநாடாவில் தன் கையால் எழுதி, பெயர் வைத்து, சிலிண்டரில் ஒட்ட வேண்டும். ஆர்னேதான் அந்தச் சட்டத்தை அச்சடித்துச் சுவரில் தொங்கவிட்டவர்.

பயிற்சிக்காரர் மாணவர்களைப் பார்த்து, வெளியே நின்ற வான் வண்டியில் ஏற்றுங்கள் என்றார். நான் ஒட்சிசன் வீதம் காட்டும் மீற்றரை எடுத்து வைத்தேன். நாங்கள் நோர்வே பாஷையில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அளந்துவிட்டுக் கொண்டுபோங்கள்."

"நீ அளந்தாயா?"

"அளந்தேன்."

"பிறகென்ன?"

"நான் அளந்தது எனக்கு. நீங்கள் அளக்க வேண்டும்."

"படகு காத்துக்கொண்டிருக்கிறது. நான் படகில் அளப்பேன்."

"படகில் எட்டும் ஒன்றாக உருளும். எது எது என்று யாருக்குத் தெரியும்? இங்கே அளந்துபாருங்கள். பத்து நிமிடம்."

அவர் சிரித்தார். மாணவர்களைப் பார்த்து, "இவர் சிலிண்டருக்குச் செபம் சொல்கிறவர், தெரியுமா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இங்ரிட் என்ற பெண் மாத்திரம் சிரிக்கவில்லை. பயிற்சிக்காரர் முதல் சிலிண்டரைத் தூக்கினார். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். என் உயரம் அவர் நெஞ்சளவு.

"நான் கடலில் இறங்கத் தொடங்கியபோது நீ எங்கே இருந்தாய்?"

"நானும் கடலில்தான் இருந்தேன்," என்றேன்.

அவர் மேல்மாடியைப் பார்த்து ஆர்னேயைக் கூப்பிட்டார். ஆர்னே இறங்கி வந்து, எட்டையும் தானே அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு புள்ளியும் பிசகவில்லை. பிழை ஒன்று அகப்பட்டு நான் வென்றுவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர்கள் முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனார்கள். போகும்போது பயிற்சிக்காரர், நிரப்புகிற அந்தப் பெண்ணிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வராவிட்டால் இனி வேறு கடை பார்ப்பேன் என்று ஆர்னேயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்னே கெட்ட மனிதர் இல்லை. கோப்பி ஊற்றி என் முன்னால் வைத்தார். "சட்டம் எல்லோருக்கும்தான்," என்றார், "ஆனால் அவர் தெரிந்த மனிதர். நாலு வரி எழுது. இல்லாவிட்டால் நிரப்பும் அறையை நான் பார்க்கிறேன், நீ முன்னுக்கு நின்று கையுறை விற்றுக்கொள். திங்கட்கிழமை சொல்லு."

4

தெரிந்த மனிதர் என்ற சொல் எனக்கு நஞ்சு. ஏனென்று சொல்கிறேன்.

எழுவைதீவில் எங்களிடம் ஒன்பது சிலிண்டர் இருந்தது. கரையில் கொம்பிறசர் வைத்து நிரப்புகிறவள் நான். இறங்குகிறவர் இவர், என் கணவர். காற்றைக் காட்டுகிற மீற்றர் கொம்பிறசரில் மாத்திரம்தான், கட்டிக்கொண்டு போகிற சிலிண்டரில் இல்லை. இழுக்க இறுகினால் முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நிரம்பியது எது, முடிந்தது எது என்று அறிய எங்களுக்குள் ஒரு வழக்கம். நிரம்பியது நிற்கும். முடிந்தது படுக்கும். அளவை, எழுத்து, ஒன்றும் கிடையாது. ஒருநாளும் பிசகியதில்லை.

திருநாளன்று பின்னேரம் சுவாமியார் படகுகளையும் தொழில் சாமான்களையும் ஆசீர்வதிக்கக் கரைக்கு வந்தார். வலைக்காரர் வலையைக் கூட்டி அழகாகக் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் சிலிண்டர்களில் ஐந்து நின்றது, நாலு மணலில் படுத்துக் கிடந்தது. சுவாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்போது அவை அப்படிக் கிடந்தால் மரியாதை இல்லை என்று எனக்குப் பட்டது. ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மண் துடைத்து, ஒரே வரிசையில் நிறுத்தினேன். ஒன்பதும் முதல் நன்மை வாங்க வந்த பிள்ளைகள்போல் நின்றன. சுவாமியார் தெளித்துவிட்டுப் போனார். சனம், பாட்டு, சாப்பாடு. திரும்பப் படுக்க வைக்க நான் மறந்துபோனேன்.

விடிய இவர் வரிசையில் நின்றதில் நாலைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு போனார். நாலாவதோடு பன்னிரண்டு பாகத் தண்ணியில், எழுபது அடிக்கு மேல் ஆழத்தில், இறங்கினார். அது அரைவாசியும் இல்லாத சிலிண்டர். அடியில் அட்டை பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது காற்று நின்றுவிட்டது. காலையிலிருந்து மூன்று முறை இறங்கின உடம்பு. நேரே மேலே பாய்ந்தார். படகில் ஏறி, தண்ணி கேட்டாராம். குடித்து முடிக்க முன் கால் இரண்டும் தன்னுடையதில்லை என்றாராம்.

ஊர்காவற்றுறைக்குப் படகு, அங்கேயிருந்து வாகனம், யாழ்ப்பாணம் போக நேரம் போய்விட்டது. கடல் அடித்துவிட்டது என்றார்கள். கண்ணூறு என்றார்கள். கடல் அடிக்கவில்லை. நான் நிமிர்த்தி வைத்தேன், அவர் அளக்காமல் எடுத்தார். எங்களைவிட ஒருவரை ஒருவர் தெரிந்த மனிதர் யார்?

தீர்த்தம் தெளித்தும் இப்படியா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். என் விசுவாசத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆண்டவர் காற்றைப் படைத்தார். அதைச் சிலிண்டருக்குள் அடைத்து அளந்து வைப்பது என் வேலை, என் வேலையை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

5

வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போக, இவர் சக்கர நாற்காலியை வாசலுக்கு உருட்டி வந்தார்.

"இஞ்சேரும், என்ன முகம் இது? கடை எரிஞ்சு போச்சே?"

"கடை நல்லாத்தான் இருக்கு. என்னை மன்னிப்புக் கேக்கட்டாம்."

சனிக்கிழமை எங்கள் மகள் ஷாமினியும் பட்டணத்திலிருந்து வந்திருந்தாள். மாதத்தில் ஒருமுறை வருவாள். அரைவாசித் தமிழ், அரைவாசி நோர்வே பாஷை. பூசைக்கு வா என்றால் வேலை என்பாள். குசினி மேசையில் இருந்து முழுவதையும் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு யூனியன் இருக்கு. ரூல் சுவரில எழுதிக் கிடக்கு. நான் ஒரு மெயில் போட்டா அவை பயந்திடுவினம்."

"ஆரையும் பயப்பிடுத்த வேண்டாம்."

"அப்ப நாலு வரி எழுதிக் குடுங்கோ. சொறி எண்டா இங்க அதுக்கு ஒண்டுமில்லை. பஸ்ஸில இடிச்சாலும் சொல்லுறது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் இவர். "எழுதிக் குடுத்திட்டுச் சாவியை வைச்சிரும். போன கிழமையும் அந்த உதவிக்காசு தாற ஒஃபிசில இருந்து கடிதம், எனக்கு இன்னும் நடக்க ஏலாதோ எண்டு கேட்டு. ஞாயிற்றுக்கிழமையில மட்டும் நடக்கிறனான் எண்டு எழுதுவமோ எண்டு பாக்கிறன். உம்மட சம்பளமும் இல்லாட்டி நான் ஞாயிற்றுக்கிழமையும் நடக்க மாட்டன்."

ஷாமினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மன்னிப்பெண்டு எழுதினா, அளக்கச் சொன்னது பிழையெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி," என்றேன். "பிறகு அடுத்த ஆளை நான் என்னெண்டு மறிக்கிறது? அண்டைக்கு வரிசையில நிண்டதை ஒருத்தர் அளந்திருந்தா..."

சொல்லி முடிக்கவில்லை. இருபது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. ஷாமினிக்கு அன்றுவரை தெரியாது. அவள் தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

இவர் நாற்காலியை மேசைக்குக் கிட்ட உருட்டினார். பிறகு சொன்னார்:

"நீர் நிமித்தி வைச்சதை நான் பாத்தனான். முதல் நாள் பின்னேரமே பாத்தனான். விடிய நினைவும் வந்தது. கொம்பிறசரடிக்குக் கொண்டுபோய் ஒருக்காப் பாப்பமோ எண்டு நினைச்சிட்டு, சோம்பல்ல விட்டனான்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை. நானும் ஒரு பயந்தாங்கொள்ளி." மூக்கை உறிஞ்சினார். "கடிதம் எழுத வேண்டாம். சோத்துக்கு ஆண்டவர் விடுவார். பருப்பும் சோறும் எனக்குப் பிடிக்கும்."

"உங்களுக்குப் பருப்புப் பிடிக்காது, அப்பா," என்றாள் ஷாமினி. அடுத்த நாள் காலையில் கேட்காமலே எங்களோடு பூசைக்கு வந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. பரவாயில்லை.

6

திங்கட்கிழமை ஆர்னே கேட்க முன்னமே சாவியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"கடிதம்?"

"இல்லை."

"இது பிடிவாதம்."

"ஓம்," என்றேன் தமிழில். அவருக்கு விளங்கியது.

முன்னுக்கு நின்று கையுறை விற்றேன். பின்னறையில் ஆர்னே முதுகைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் தூக்குகிற சத்தம் கேட்கும். அவர் அவசரக்காரர், வால்வைச் சட்டென்று திறப்பார். அந்தச் சீறல் கேட்கும் ஒவ்வொரு தரமும் நான் கல்லாவுக்குக் கீழே கையை வைத்துச் சிலுவை போட்டேன்.

சனிக்கிழமை பயிற்சிக்காரரும் மாணவர்களும் வந்தார்கள். ஆர்னே நிரப்பிய சிலிண்டர்களை அவர்கள் வானில் ஏற்றினார்கள். பயிற்சிக்காரர் எனக்குத் தலையசைத்தார், மரியாதையாகவே. இங்ரிட் மாத்திரம் தன் இரண்டையும் நிலத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மீற்றர் எங்கே?"

"எல்லாம் சரியாக இருக்கிறது, ஏற்று," என்றார் பயிற்சிக்காரர்.

"இருக்கும். நான் அளக்கிறேன்."

மீற்றரை எடுத்துக் கொடுத்தேன். அவள் முதலில் சும்மா காற்றில் பிடித்துச் சரிபார்த்தாள், பிறகு ஒவ்வொன்றாக அளந்தாள். முதலாவது சரி. இரண்டாவதில் ஐம்பது வர வேண்டும், ஐம்பத்துநாலு வந்தது. பெரிய ஆபத்தில்லை, இரண்டு மீற்றர் மேலே வந்து திறக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அதைத் தன் கையால் எழுதி, பெயர் வைத்து ஒட்டினாள். மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, தங்களுடையதை வானிலிருந்து இறக்கினார்கள். ஆர்னே படியில் நின்று பார்த்தார். ஐம்பத்துநாலு அவர் கையால் வந்தது.

பயிற்சிக்காரர் தன்னுடையதை அளக்கவில்லை. நேரத்தைப் பார்த்துக்கொண்டு வானுக்குள் இருந்தார். அப்படியே போய்விட்டார். அன்று பின்னேரம் அவர்கள் சுகமாகக் கரைக்கு வந்தார்கள் என்று கேள்விப்படும்வரை அவருக்காகவும் ஒரு செபமாலை சொன்னேன். ஆனால் எனக்குள் கோபம். சாவி என் கையில் இருந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். சாவியை நான் மானத்துக்காகக் கொடுத்தேன், அது பிழை. மானம் என்னுடையது, மூச்சு அவர்களுடையது.

திங்கட்கிழமை ஆர்னேயின் மேசைக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியைத் தாருங்கள்."

"கடிதம் கொண்டு வந்தாயா?"

"இல்லை. வரவும் வராது. சாவி வேண்டும்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் முதுகைத் தடவிக்கொண்டார். கையை நான் மடக்கவில்லை. சாவியை வைத்தார். கடிதத்தைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

புதன்கிழமை பயிற்சிக்காரர் தனியாக வந்தார். ஒரு முழு ஒட்சிசன், ஒரு பாதி. சிலுவை போட்டு, மெதுவாகத் திறந்து, நிரப்பினேன். ஆற விட்டேன். மீற்றரையும் பேனையையும் ஒட்டுநாடாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் வாசலைப் பார்த்தார். நான் ஒரு கதிரையை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் வசதியாக இருந்துகொண்டு, எனக்கு அவசரமில்லை என்றேன்.